பிழை இரண்டு வரை திருத்தப்படும்

மகள் இறந்த ஏழாவது மாதம், அவளை நேரில் வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது.

நல்ல கனமான காகிதம். மேலே நிறுவனத்தின் முத்திரை, கீழே மூன்று கையெழுத்து. மாணவர் எண் 3127 சமர்ப்பித்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் மூவரும் படித்துப் பாராட்டியிருக்கிறார்கள். அவர் வாய்மொழித் தேர்வுக்கு வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஆய்வேடு அவர் பெயரில் நூலகத்தில் வைக்கப்படும். மூன்று மாதத்துக்குள் வராவிட்டால் அது காகிதக்கூழ் ஆலைக்கு அனுப்பப்படும். இவ்வளவுதான் விஷயம். கடைசியில், "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்று ஒரு வரி இருந்தது.

கடிதத்தைப் பிரித்தவர் அவளுடைய அப்பா. கட்டடங்களில் டைல்ஸ் பதிப்பவர். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் நாமும் டைல்ஸ்காரர் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வருடமாக முழங்காலில் நின்று உலகத்தைப் பார்த்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்கமாட்டார், தரையைப் பார்த்துவிட்டு, "மட்டம் சரியில்ல" என்பார். கல்யாண வீட்டிலும் இப்படித்தான், சாவு வீட்டிலும் இப்படித்தான்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கடிதத்தை நீட்டினார்.

"பாப்பாவை வரச்சொல்லி எழுதியிருக்காங்க."

மெஷின் நின்றது. அவள் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"நீங்க அவங்களுக்குச் சொல்லவே இல்லையா?"

"அன்னைக்கே போன் பண்ணிச் சொன்னேனே. 'குறிச்சுக்கிட்டோம்'னாங்க."

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு போகவில்லை. ஏழு மாதமாகவே அப்படித்தான். அவர் ஒரு பக்கமாக நடப்பார், அவள் ஒரு பக்கமாக நடப்பாள்.

ஆய்வேட்டின் தலைப்பு, "முடிவுறு கேண்மைத் தளங்களை நேரியல் குறியீடுகளாலும் வீழ்ப்பு வடிவியலாலும் எழுதிக் காட்டுதல்." டைல்ஸ்காரருக்கு அது முழுதாகப் புரியாது. கொஞ்சம் புரியும், அதுதான் கொடுமை. காய்ச்சல் வருவதற்கு முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் அடுப்படித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது டைல்ஸைச் சாக்பீஸால் வளைத்துக் கட்டம் போட்டாள்.

"அப்பா, இந்த ஒன்பதும்தான் மொத்த உலகம். இதுல எந்த ரெண்டு டைல்ஸைத் தொட்டாலும், அது ரெண்டு வழியாவும் ஒரே ஒரு கோடுதான் போகும். கோட்டுக்கு மூணு டைல்ஸ். மொத்தம் பன்னெண்டு கோடு."

அவர் எண்ணினார். "படுக்கையா மூணு, நெடுக்க மூணு, மூலைக்கு மூலை ரெண்டு. எட்டுதானே வருது?"

"சாய்வாப் போற கோடு ஓரத்துல முட்டினா, அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு உள்ள வந்துடும்ப்பா. அப்ப இந்தச் சாய்வுக்கு மூணு, அந்தச் சாய்வுக்கு மூணு."

"செவுத்துக்கு வெளிய போயிட்டு அந்தப் பக்கமா வருமா? எந்த மேஸ்திரி இதை ஒத்துக்குவான்?"

அவள் சிரித்தாள். அடுப்பருகே நின்ற அம்மாவும் சிரித்தாள். "இப்பப் பாருங்க. படுக்கைக் கோடு மூணும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே பாக்காது. அதுங்களுக்காகத் தரைக்கு வெளிய ஒரு டைல்ஸ் வைக்கிறேன். மூணும் அங்க போய்ச் சந்திச்சுக்கும். இப்படி நாலு கூட்டத்துக்கும் வெளிய நாலு டைல்ஸ். அந்த நாலும் சேந்தா பதிமூணாவது கோடு. இப்ப உலகத்துல சந்திக்காத கோடே கிடையாது. அந்தப் பதிமூணாவதை யாராவது பிடுங்கிட்டுப் போயிட்டாலும், போனது எதுன்னு மிச்சம் இருக்கிறதை வச்சே சொல்லிடலாம். யாரு யாரு சந்திக்காம நிக்கறாங்கன்னு பாத்தா போதும்."

பிறகு ஒவ்வொரு கோட்டையும் ஒன்று, சைபர் என்று வரிசையாக எழுதிக் காட்டினாள். டைல்ஸ் கோட்டில் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். எழுதினதில் ஓரிடத்தில் தவறு விழுந்தால் மற்றதை வைத்துத் திருத்தலாம். எழுத்தே அழிந்துபோயிருந்தால் இன்னும் சுலபம் என்றாள்.

"அழிஞ்சுபோனா எப்படிம்மா சுலபம்?"

"தப்பாச் சொல்றவனைவிட ஒண்ணும் சொல்லாதவன் மேல்ப்பா. அவனை நம்பி நாம ஏமாற மாட்டோம்ல."

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புஸ்தகம் நூலகத்துக்கு வந்ததும் நீங்களும் அம்மாவும் சேந்து வந்து பாக்கணும். தொட்டுப் பாக்கணும்." நான்காம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால் டைல்ஸ்காரர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இறப்புச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை அந்த நிறுவனத்துக்குப் போனார்.

பதிவகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி இருந்தார். சான்றிதழைச் செத்தவன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டார்.

"மாணவர் வரலையா?"

"இறந்துட்டா சார்."

"சரிங்க. வர முடியாததுக்குக் காரணம் மருத்துவமா, சொந்த வேலையா?"

டைல்ஸ்காரர் யோசித்து, "மருத்துவம்" என்றார். அதிகாரி ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தார். 3127 என்ற எண்ணுக்கு எதிரே ஒரு கட்டம், கட்டத்துக்குள் 1. "ஒண்ணுன்னா இருக்காங்க, சைபர்னா இல்ல. உலகத்துல இதைவிடச் சுருக்கமா ஒரு ஆளைப் பத்தி யாரும் எழுதினதில்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒன்றை அழித்துச் சைபர் போட்டார். இறந்த மாணவருக்கு வாய்மொழித் தேர்வு கிடையாதாம். பதினான்காம் விதி. தேர்வாளர்கள் பாராட்டியிருந்தால் ஆய்வேடு நேராக நூலகத்துக்குப் போய்விடுமாம்.

இவ்வளவு சுலபமா என்று டைல்ஸ்காரர் கைகூப்பிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் மகள் பெயருக்கு அடுத்த கடிதம் வந்தது. பெயருக்கு என்று சொல்வது பிசகு, எண்ணுக்கு.

"மாணவர் 3127 அவர்களுக்கு வணக்கம். தாங்கள் உயிருடன் இல்லை என்று எமது பதிவேடு ஒன்றில் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. அன்று மாலை ஐந்து மணி ஒப்பீட்டில் அப்பிழை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. தங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறோம்."

மனைவி அதை வாங்கிப் படித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. கடிதத்தை நான்காக மடித்துத் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்குக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை போய்க் கேட்டபோது அதிகாரி பொறுமையாக விளக்கினார். இந்த நிறுவனம் பிழைதிருத்தும் கணிதத்தில் பேர்போனது. படிப்பது ஒன்று, நடப்பது ஒன்று என்று இருக்கக் கூடாதல்லவா? அதனால் இயக்குநர் அந்தக் கணிதத்தை அலுவலகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு மாணவரும் ஐந்து பதிவேட்டில் இருக்கிறார். பதிவகம், விடுதி, நூலகம், மருத்துவ அறை, கணிதத் துறை. தினமும் ஐந்து மணிக்கு ஐந்து பதிவேடும் ஒப்பீட்டு அறைக்குப் போகும். அங்கே இருக்கும் இயந்திரம் எண்ணிப் பார்த்து, எது அதிகமோ அதை உண்மை என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தை அதற்கேற்பத் திருத்திவிடும்.

"ரெண்டு பிழை வரைக்கும் தானாத் திருத்திக்கும். உங்க பொண்ணு விஷயத்துல நாலு பேர் இருக்காங்கன்னாங்க, நான் ஒருத்தன் இல்லைன்னேன். நான் போட்டது பிழை."

"சார், அவளை நான்தான் இந்தக் கையால..." டைல்ஸ்காரர் கையை விரித்துக் காட்டினார்.

"அது உங்க ஒருத்தர் தகவல்ங்க" என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக. "மூணு கட்டத்துல ஒரே நாள்ல சைபர் விழுந்தா போதும். மத்த ரெண்டையும் இயந்திரமே திருத்திடும். அப்புறம் உங்க பொண்ணு இறந்ததை யாராலயும் அசைக்க முடியாது."

பெற்ற மகள் செத்துப்போனாள் என்று நிரூபிக்க ஒரு மனிதன் அலைய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

விடுதி மனு வாங்குவது செவ்வாய்க்கிழமை. காப்பாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார். "தங்கமான பொண்ணுங்க. ஏழு மாசமா ஒரு புகார் கிடையாது. ராத்திரி தாமதமா வந்ததில்ல, அறையில சத்தம் போட்டதில்ல. மத்த பொண்ணுங்ககிட்ட இவளைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு சொல்லிட்டிருக்கேன்." சொல்லிவிட்டுத்தான் சைபர் போட்டார். ஐந்து மணிக்கு அது ஒன்றாகிவிட்டது. நூலகம் வியாழக்கிழமை. அங்கேயும் சைபர், அங்கேயும் ஐந்து மணி. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஒரு கடிதம், ஒரு வருத்தம்.

மருத்துவ அறை வெள்ளிக்கிழமை. மருத்துவர் சான்றிதழைத் தொடக்கூட இல்லை.

"வேற ஆஸ்பத்திரி குடுத்ததை நாங்க ஏத்துக்க முடியாதுங்க. இங்க இருக்கிற குறிப்புப்படி இவங்க ஏழு மாசமா ஒரு தலைவலின்னுகூட வந்ததில்ல. இந்த வளாகத்துலயே ஆரோக்கியமான ஆள் இவங்கதான்."

"அப்ப என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் இல்ல, நேர்ல வரச்சொல்லுங்க. நாடி பாத்துட்டு, இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

கணிதத் துறை புதன்கிழமை. அங்கே எழுத்தராக இருந்த பெண் மகளை அறிந்தவள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அண்ணே, உக்காருங்க" என்றாள். அந்தக் கட்டடத்தில் அவரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான். மகளுடைய வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு என்று அவள் தலைகுனிந்தபடி காட்டினாள்.

"ஏழு மாசமா வரலையேம்மா?"

"வராதவங்க வந்து 'வரவில்லை'ன்னு கையெழுத்துப் போடணும்னு விதிண்ணே. போடலைன்னா வந்ததாத்தான் கணக்கு."

புதன்கிழமைகளில் பதிவகமும் மனு வாங்கும். ஆக, புதன் அன்று இரண்டு சைபர் கிடைக்கும். மூன்றாவதுதான் இல்லை. நூலகத்தை ஒரே ஒரு புதன்கிழமை மனு வாங்கச் சொல்லுங்கள் என்று பதிவக அதிகாரியிடம் மன்றாடினார்.

"மனு நாளை மாத்தணும்னா மூணு அலுவலகம் கூடி முடிவெடுத்தா போதும்ங்க."

"கூடுங்களேன் சார்."

"கூடலாம். ஆனா அதுக்கு மூணு அலுவலகத்துக்கும் ஒரே மனு நாளா இருக்கணுமே."

சுற்றிச் சுற்றி வந்தாலும் செக்குக்குள்ளேதான். கோடு சுவருக்கு வெளியே போய் அந்தப் பக்கமாக உள்ளே வரும் என்று மகள் சொன்னது நிஜம்தான் போல என்று டைல்ஸ்காரர் நினைத்துக்கொண்டார். பத்து வாரம் ஓடியது. டிராயரில் பதினோரு கடிதம் சேர்ந்துவிட்டது. மனைவி ஒவ்வொன்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் ஒரு தையல் போட்டு வைத்திருந்தாள். சில நாள் அவர் வேலையிலிருந்து வரும்போது, தபால்காரர் போய்விட்டாரா என்று வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

பதினோராம் வாரம் திங்கட்கிழமை அவர் போனபோது அலுவலகங்கள் எல்லாம் மூடியிருந்தன. அன்று 'பிழையற்ற நாள்'. இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். காவலாளி டைல்ஸ்காரரை யாரோ விருந்தினர் என்று நினைத்துப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்.

"ஒரு காலத்தில் ஒரு மாணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அவரையே போய்ப் பார்க்கும் காட்டுமிராண்டி வழக்கம் இருந்தது," என்றார் இயக்குநர். "நாம் அதை ஒழித்தோம். நம்மில் ஒருவர் தவறு செய்யலாம். இருவர் செய்யலாம். இரண்டு பிழை வரை இயந்திரம் திருத்தும். மூவர் சேர்ந்து தவறு செய்தால்? நண்பர்களே, அதற்குப் பெயர் தவறு அல்ல, முடிவு." கைதட்டல். "இந்த முறை வந்த பதினோரு ஆண்டுகளில் நம் நிறுவனத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. உலகத்தில் எந்த நிறுவனம் இப்படி மார்தட்ட முடியும்?" பலத்த கைதட்டல். தொடர்ந்து, சிறந்த வருகைக்கான பாராட்டிதழ் போன வருடம் இறந்துபோன காவலாளி ஒருவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் சார்பில் அவருடைய மனைவி மேடையேறி வாங்கிக்கொண்டாள். அவள் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் விளக்கினார்.

கூட்டம் முடிந்து நூலகத்தைப் பார்வையிடப் போன இயக்குநர், வாசலிலேயே தூக்கிக்கொண்டிருந்த ஒரு டைல்ஸில் இடறி விழப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடித்தது டைல்ஸ்காரர். பிடித்த கையோடு பழக்கதோஷத்தில் குனிந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"அடியில காலி சார். கலவை பிடிக்கல. இங்கயும் சரி, விடுதி ஆபீஸ்லயும் சரி, பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கு." வாராவாரம் காத்துக்கிடந்த நேரத்தில் காலால் தட்டிப் பார்த்தது வீண்போகவில்லை.

"பாதிக்கு மேலா?" என்றார் இயக்குநர். "அப்படியானால் அது பிழை அல்ல, முடிவு. மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். நீங்களே மாற்றுங்கள்."

பதினோரு வாரம் மனுவோடு அலைந்தவரை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. தரைக்கு ஆள் வேண்டும் என்றதும் உடனே உத்தரவு கிடைத்தது. பதிவக அதிகாரி மட்டும் முணுமுணுத்தார். "ரெண்டு அறையையும் பூட்டினா, உள்ள இருக்கிற பதிவேடு ரெண்டும் ஒப்பீட்டுக்கு வராதே. அன்னைக்கு ரெண்டு கட்டமும் காலி."

"காலியா இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, விட்டுட்டு மிச்ச மூணை எண்ணுவோம். காலிக் கட்டம் பேசாதே."

டைல்ஸ்காரர் அப்படியே நின்றார். தப்பாச் சொல்றவனைவிட ஒண்ணும் சொல்லாதவன் மேல்ப்பா. காதருகே சொன்னது போலக் கேட்டது. ஐந்தில் மூன்று வேண்டும் என்று இத்தனை நாள் அலைந்தாரே, மூன்றில் இரண்டு போதுமே. புதன்கிழமை இரண்டு இருக்கிறதே. மருத்துவர் தன் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக நிற்கட்டும்.  சாவதற்கு முன்னாலேயே அப்பனுக்கு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"புதன்கிழமை வச்சுக்கலாம் சார்" என்றார். "பதிச்சதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்க யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கலவை பூசும் கரணையையும் ரப்பர் சுத்தியலையும் துடைத்துக்கொண்டே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"போகாதீங்க."

"என்னது?"

"ஊரெல்லாம் அவ இல்லைங்குது. நீங்களும்தான் சொல்றீங்க. ஒரே ஒரு எடத்துல இருக்கான்னு எழுதி வச்சிருக்காங்க. வாராவாரம் முத்திரை குத்தி எனக்கு அனுப்பறாங்க. அதையும் போய் அழிச்சிட்டு வரப்போறீங்களா?"

"பைத்தியமா உனக்கு? அவங்க கிறுக்கனுங்க. அது வெறும் காகிதம்."

"அப்ப அந்தப் புஸ்தகம்? அதுவும் காகிதந்தானே?"

அவர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். "நாளைக்கு விட்டா கூழாயிடும்" என்றார். "அவ எழுதினது ஒரு எழுத்துகூட மிஞ்சாது. தொட்டுப் பாக்கணும்னு சொன்னா. நீயும் பக்கத்துலதானே நின்னே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

புதன்கிழமை காலையில் நூலகத்தரையையும் விடுதி அலுவலகத்தரையையும் பெயர்த்தார். உதவிக்கு வந்த ஆட்கள் பத்துப் பேரும் கூடச் சேர்ந்து மூன்று மணிக்குள் பதித்து முடித்தார்கள். வாசலில் கயிறு கட்டி, இரண்டு அறையையும் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார். முழங்கால் மண்ணோடு பதிவகத்துக்குப் போனார். அதிகாரி சைபர் போட்டார். நான்கரைக்குக் கணிதத் துறைக்கு ஏறினார்.

அங்கே தகவல் சொல்பவரே கைப்பட எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் அவர் ஏற்கெனவே பல புதன்கிழமை சைபர் போட்டிருக்கிறார். அதெல்லாம் ஐந்து மணிக்கு மறைந்துவிடும் சைபர். இது நிற்கப்போகிற சைபர். பேனாவைப் பிடித்தார். கட்டத்துக்குள் ஒன்று என்ற எண், யாரோ ஒரு பெண் தனியாக நிமிர்ந்து நிற்பது போல இருந்தது. கல்லையும் கலவையையும் முப்பது வருடம் ஆண்ட கை, ஒரு சைபர் போட முடியாமல் கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"அண்ணே, வேணும்னா நான் போடட்டுமா?" என்றாள் எழுத்தர்.

"வேணாம்மா" என்றார். "பெத்தவன் நான்தானே."

எழுதினார். ஐந்து மணிக்குப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கீழே போன எழுத்தர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "மூணுலயும் சைபர் ஆயிடுச்சுண்ணே. மருத்துவ அறையோடதைப் பிழைன்னு திருத்திடுச்சு. பூட்டி இருக்கிற ரெண்டும் வெளிய வந்ததும் தானாத் திருந்திடும்." டைல்ஸ்காரர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஜெயித்துவிட்டார். அப்படி ஒரு ஜெயம் எதிரிக்கும் வரக் கூடாது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அங்கே அழுதார்.

சனிக்கிழமை பன்னிரண்டாவது கடிதம் வந்தது.

"மாணவர் 3127 அவர்களுக்கு வணக்கம். தாங்கள் இறந்துவிட்டது உறுதிசெய்யப்பட்டது. இதில் தங்களுக்கு ஆட்சேபம் ஏதும் இருப்பின், கடந்த புதன்கிழமைக்குப் பின் பதினைந்து நாட்களுக்குள், அலுவலக நேரத்தில் கணிதத் துறைக்கு நேரில் வந்து தெரிவிக்கவும். தவறினால் ஆட்சேபம் இல்லை எனக் கருதி, ஆய்வேடு நூலகத்தில் வைக்கப்படும்."

மனைவி இரண்டு தடவை படித்தாள். பிறகு நாள்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவரும் மனதுக்குள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் நாள் வியாழக்கிழமை. அவள் இஸ்திரி போட்ட துணி உடுத்தி, தைத்து வைத்த கடிதக்கட்டை எடுத்துக்கொண்டு தயாராக நின்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். கணிதத் துறை வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. காலை பத்து மணியிலிருந்து இருவரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு வந்தீர்கள் என்று எழுத்தர் கேட்கவில்லை. இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான்கு மணி ஐம்பது நிமிடத்துக்கு அவள் வாசலுக்கு வந்தாள். ஆட்சேபத்தை முடிப்பதற்கு முன் மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்று விதி.

"மூவாயிரத்து நூத்தி இருபத்தேழு!"

நீண்ட வராந்தா. கோடியில் படிக்கட்டு. அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"மூவாயிரத்து நூத்தி இருபத்தேழு!"

யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. டைல்ஸ்காரர் எழுந்தே விட்டார். வாழ்நாள் முழுக்கத் தரையை மட்டும் பார்த்தவர், கண்கொட்டாமல் அந்தப் படிக்கட்டைப் பார்த்தார். வந்தது யாரோ ஒரு மாணவி. கையில் குடை வைத்திருந்தாள். அவர்களைக் கடந்து போய்விட்டாள்.

மூன்றாம் தடவையும் எழுத்தர் கூப்பிட்டாள். பிறகு பதிவேட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள்.

"வரலைன்னு கையெழுத்து வேணும்க்கா. வராதவங்களே போடணும்னு விதி. நான் என்ன பண்ணுவேன், எனக்குத் தெரியல."

டைல்ஸ்காரர் பேனாவுக்குக் கை நீட்டினார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க எழுத வேண்டியதை எழுதிட்டீங்க. இது என்னோடது."

'வரவில்லை' என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதினாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். பத்து மாதத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை என்பதால் நூலகம் திறந்திருந்தது. எழுத்தர் ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். புதுத்தரை மட்டமாக இருந்தது, ஆனால் டைல்ஸ்காரர் அதைப் பார்க்கவில்லை. மூன்றாவது அலமாரி. நீல அட்டை. பன்னிரண்டு கடிதத்தில் ஒரு தடவைகூட வராத மகளின் பெயர் முதுகில் பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது. இருவரும் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து, அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டாள், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

"நூலகத்துல சத்தம் போடக் கூடாதுங்க" என்றார் நூலகர்.

அன்று மாலை ஐந்து மணி ஒப்பீட்டில் பிழை எதுவும் இல்லை.